மிச்ச 140 மீற்றர் எங்கே போனது?

எங்களில் ஒருத்தியின் ஊரில் ஓர் ஒழுங்கை இருக்கிறது. பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் நல்ல கொங்கிறீற். சைக்கிள் தானாக ஓடும். கோயில் கிணற்றடியைத் தாண்டி, ஒரு பூவரசம் வேலிக்குப் பக்கத்தில் அந்தக் கொங்கிறீற் சட்டென்று முடிந்துவிடும். அங்கிருந்து முன்பள்ளி வரைக்கும் மண். மாரி தொடங்கினால் மண் சேறாகும், சேறு வெள்ளமாகும். கார்த்திகை, மார்கழியில் தாய்மார் பிள்ளையை இடுப்பிலும் செருப்பைக் கையிலும் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணிக்குள்ளால போவார்கள்.

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மிச்சக் காசை அடிச்சிட்டாங்கள்." ஆர் அடிச்சது எண்டு கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். கொந்தராத்துக்காரர் என்பார் ஒருவர். சபைச் செயலாளர் என்பார் இன்னொருவர். தனக்குப் பிடிக்காத கட்சியின் பெயரைச் சொல்லுவார் மூன்றாவது ஆள்.

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் கலைப்பீடம். கடந்த வருட விடுமுறையில் அந்தப் பூவரசடியில் நின்று படம் எடுத்தோம். பேஸ்புக்கில் போட ஒரு பதிவும் எழுதினோம். கொந்தராத்துக்காரரின் பெயர், அவர் புதிதாகக் கட்டின மதிலின் படம், கோபமான நாலு வரி. நல்லாத்தான் எழுதியிருந்தோம். ஆயிரம் பேர் பகிர்ந்திருப்பார்கள். கடைசி நிமிசத்தில் எங்களில் ஒருத்தி மட்டும், "பேப்பரைப் பார்த்திட்டுப் போடுவம். பிழையெண்டால் ஆர் போய் அந்த மனுசனிட்ட மன்னிப்புக் கேக்கிறது?" என்றாள்.

அந்தப் பதிவை நாங்கள் இன்னும் போடவில்லை. போடாமல் விட்டதால் படித்த சில விசயங்களைத்தான் இங்கே எழுதுகிறோம்.

விண்ணப்பம்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறாய் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவெடுக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறோம். ஆனால் ஐந்து பேரில் ஒருவர்கூட அதுவரைக்கும் ஒரு விண்ணப்பம் எழுதினதில்லை.

நாங்கள் கேட்டது நாலு விசயம்: மதிப்பீடு, வந்த விலைக்கூறல்கள், வேலை அளந்த பதிவு, காசு குடுத்த பதிவு.

கடிதம் குடுத்து மூன்றாம் நாள் எங்கட சிநேகிதியின் வீட்டுக்கு ஒரு மாமா வந்தார். சபையில் வேலை செய்யும் ஒருவருக்குச் சொந்தம். தேத்தண்ணி குடித்தார். போகும்போது, "பிள்ளை, உது ஏன் உங்களுக்கு? படிக்கிற பிள்ளையள், படிப்பைப் பாருங்கோ" என்றார். மிரட்டினார் எண்டு சொல்ல முடியாது. எங்கட ஊர்களில் கேள்வியை நிப்பாட்டுவதற்கு மிரட்டல் தேவைப்படுவதில்லை. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், அதுவே போதும்.

முதலில் வந்த பதில், "இது ஒப்பந்தகாரரின் வணிக விடயம், தர இயலாது." சட்டத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு இருக்கிறதுதான். ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிசெண்டால் தகவலைக் குடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மேன்முறையீடு எழுதினோம். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு கடித உறை வந்தது. பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஆங்கிலம். வடக்குக் கிழக்கில் பொதுப் பதிவேடுகள் தமிழில் பேணப்பட வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்த ஒழுங்கையில் குடியிருக்கிற ஒருவராலும் தங்கட ஒழுங்கையின் மதிப்பீட்டை வாசிக்க முடியாது என்பதுதான் உண்மை.

"கலைப்பீடத்தில படிச்சு என்ன செய்யப்போறியள்?" எண்டு எங்களைக் கேட்காத ஆளில்லை. அந்தக் கிழமை எங்களிடம் ஒரு பதில் இருந்தது. இருந்து மொழிபெயர்த்தோம்.

பேப்பர் சொன்ன கதை

மதிப்பீடு 2021 இல் போடப்பட்டிருந்தது. 400 மீற்றர், முன்பள்ளி வாசல் வரை. அப்போது ஒரு பை சீமெந்து ஏறக்குறைய 1,000 ரூபா. பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலைகள் நிறுத்தப்பட்டன, சீமெந்து விலை 3,000 ரூபாவை ஒட்டிப் போனது. 2023 இல் திரும்ப வேலையைத் தொடங்கும்போது ஒதுக்கின காசு அதே காசுதான். அந்தக் காசுக்கு எவ்வளவு தூரம் போடலாம் எண்டு கணக்குப் பார்த்து, 400 மீற்றரை 260 ஆகக் குறைத்து ஒரு திருத்தம் எழுதியிருந்தார்கள். அளந்த பதிவிலும் 260. நாங்கள் நாடா பிடித்து அளந்தபோதும் 260.

அதாவது, மிச்ச 140 மீற்றரை ஒருவரும் "அடிக்கவில்லை". ஒரு தாளில், ஒரு கையெழுத்தில் அது இல்லாமல் போயிருந்தது. நாங்கள் எழுதி வைத்திருந்த பதிவு பிழை.

ஆனால் எல்லாம் சரி எண்டும் இல்லை.

முதலாவது, அந்தத் திருத்தத்தை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய ஆட்களும் அப்போது இல்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அதை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6 இல் தேர்தல் நடந்து ஜூனில் புதிய சபைகள் கூடும் வரைக்கும், இரண்டு வருடத்துக்கு மேலாகச் சபைகளின் வேலைகள் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமலேதான் நடந்தன. எங்கட ஒழுங்கை சுருங்கினது அந்த இடைவெளிக்குள்தான். மாகாண சபையாவது இருந்ததா? வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரோடு முடிந்தது, கிழக்கில் அதற்கும் ஒரு வருடம் முதலே. ஜனநாயகம் இல்லாமல் போவதென்றால் தாங்கி வருவதும் வானொலி நிலையத்தைப் பிடிப்பதும்தான் எண்டு நாங்கள் நினைத்திருந்தோம். ஒழுங்கை ஏன் குறைந்தது எண்டு கேட்க ஓர் உறுப்பினர் இல்லாமல் இருப்பதும் அதுதான்.

இரண்டாவது, மூன்று விலைக்கூறல்கள் வந்திருந்தன. மூன்றும் வேறு வேறு பெயர். ஆனால் இரண்டில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. வரிகளுக்கிடையில் விட்ட இடைவெளிகூட ஒன்றுதான்.

மூன்றாவது, வேலை முடிந்து 14 மாதம் கழித்துத்தான் அந்தக் கொந்தராத்துக்காரருக்கு முழுக்காசும் போயிருந்தது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலில் நாங்கள் தனித்தனி விசயங்களாகத்தான் பார்த்தோம். அவை இரண்டும் ஒன்று எண்டு பிறகுதான் விளங்கியது. அதற்கு வருகிறோம்.

வாங்குவது எங்கே தொடங்குகிறது

அரசாங்கம் ஒன்றை வாங்குவதற்குப் பெறுகை என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே நித்திரை வரும். எங்கட பிரச்சினையே அதுதான். "கமிசன்" எண்டால் காதைத் தீட்டுகிறோம், "பெறுகை" எண்டால் பக்கத்தைத் திருப்புகிறோம். ஊரில் பேசப்படுவதெல்லாம் காசு கை மாறின கதை. ஆனால் எதை வாங்குவது, எத்தனை வாங்குவது, எப்படியான ஆள் விலை போடலாம் என்பதெல்லாம் அதற்கு எவ்வளவோ முதல், மதிப்பீட்டிலும் கேள்விப்பத்திரத்திலும் தீர்மானமாகிவிடும். ஒரு வேலையை இரண்டாகப் பிரித்தால் பகிரங்க கேள்வி கோரத் தேவையில்லாத தொகைக்குள் கொண்டுவரலாம். அப்படிப் பிரிக்கக் கூடாது என்று வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஆனாலும் வழிகாட்டியை யார் வாசிக்கிறார்கள்?

எங்கட நாட்டிலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. பொருத்து வீடு ஞாபகம் இருக்கிறதா? 2016 அளவில் போரால் பாதிக்கப்பட்ட வடக்குக் கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகளைக் குடுக்க மீள்குடியேற்ற அமைச்சு முன்வந்தது. ஒரு வீடு சுமார் 21 இலட்சம் ரூபா எண்டு சொல்லப்பட்டது. இந்திய வீட்டுத் திட்டத்தில் இங்கே ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம். அதோடு தங்கட உழைப்பையும் கடனையும் சேர்த்துச் சனம் கல்வீடு கட்டியது. அந்தக் காசு ஊர் மேசனுக்கும் தச்சருக்கும் கல் அரிகிறவருக்கும் போனது. பொருத்து வீட்டில் அவர்கள் ஒருவருக்கும் வேலை இல்லை. எங்கட வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அது நிற்குமா, பிறகு ஓர் அறை கூட்டிக் கட்டலாமா என்று சனமும் பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் அரசியல்வாதிகளும் கேட்டார்கள். கடைசியில் சொன்ன அளவில் அந்தத் திட்டம் நடக்கவில்லை.

அந்த வீடுகளை நிப்பாட்டினது, யார் எவ்வளவு கமிசன் வாங்கினார் என்ற கதை இல்லை. "இந்தக் காசுக்கு இதையா வாங்குவது?" எண்டு வேலை தொடங்க முதல் கேட்டதுதான். அதே கேள்வியைப் பத்து வருடம் கழித்துக் கேட்டிருந்தால், 65,000 துருப்பிடித்த கூரைகளுக்குக் கீழே நின்று கேட்டிருப்போம்.

மேலே என்ன நடக்கிறது

பல வருடமாக இந்த நாட்டின் பெறுகை ஓடினது பாராளுமன்றம் நிறைவேற்றின ஒரு பெறுகைச் சட்டத்தில் இல்லை, 2006 ஆம் ஆண்டின் வழிகாட்டிகளில்தான். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு சுயாதீன தேசிய ஆணைக்குழு வேண்டும் என்று 2015 இல் 19 ஆவது திருத்தம் சொன்னது. 2020 இல் 20 ஆவது திருத்தம் அதை இல்லாமல் ஆக்கியது. 2022 இல் 21 ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. ஏழு வருடத்துக்குள் ஓர் ஆணைக்குழு பிறந்து, செத்து, திரும்பப் பிறந்தது. இடையில் செத்துக் கிடந்த காலத்தில்தான் நாடு வங்குரோத்தானது. இரண்டையும் நேராக முடிச்சுப்போட நாங்கள் வரவில்லை. ஆனால் அது செத்தபோது எங்கட வயசுக்காரர் எத்தனை பேர் கவனித்தோம்?

2023 இல் சர்வதேச நாணய நிதியம் இலங்கையின் ஆளுகை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு பெரிய ஒப்பந்தங்களை இணையத்தில் வெளியிட வேண்டும் எண்டு வந்தது. பெரியது எண்டால் 100 கோடி ரூபாவுக்கு மேல். நல்லது. ஆனால் எங்கட ஒழுங்கை எந்தக் காலத்திலும் 100 கோடிக்கு வராது. முன்பள்ளிக் கூரை, சந்தைக் கட்டடம், மதகு, தெருவிளக்கு, குப்பை அள்ளும் உழவு இயந்திரம், இவை ஒன்றும் வராது. சாதாரண சனம் அரசாங்கத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பது இந்தச் சின்னச் சாமான்களில்தான்.

சின்னதுக்கும் சட்டம் இருக்கிறது. தகவலறியும் சட்டத்தின் 9 ஆம் பிரிவு: உள்நாட்டுக் காசில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமெண்டால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முதல், விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் அதன் தகவல்களைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தானாகவே அறிவிக்க வேண்டும். அவசர வேலையெண்டால் ஒரு கிழமைக்கு முதல். ஒருவரும் விண்ணப்பம் எழுதத் தேவையில்லை. மாகாண சபை இல்லாததால் மாகாணத்தில் இப்போது அமைச்சர் எண்டு ஒருவர் இல்லை. அதைச் சாட்டாகச் சொல்லி இந்தக் கடமையைக் கைவிட முடியாது எண்டு நாங்கள் நினைக்கிறோம். சுலோவாக்கியாவில் 2011 இலிருந்து ஒரு விதி: அரச ஒப்பந்தத்தை இணையத்தில் வெளியிட்டால்தான் அது நடைமுறைக்கு வரும். வெளியிடாவிட்டால் கையெழுத்துப் போட்டும் பலனில்லை. எங்கட சபைகளுக்கு இணையம்கூட வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில் தமிழில் ஒரு பலகை போதும்: எவ்வளவு காசு, எவ்வளவு நீளம், யார் செய்கிறார், எப்போது முடியும். நீளத்தைக் குறைத்தால் பலகையிலும் குறைத்து எழுதி, ஏன் என்றும் எழுத வேண்டும்.

சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம்

பேப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது எண்டு தெரியாமல் இருந்தபோது, ராஜஸ்தானில் 1994 இல் நடந்த ஒரு விசயத்தைப் பற்றி வாசித்தோம். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற கூலியாட்கள், விவசாயிகள் அமைப்பு, ஊர் வேலைகளின் பற்றுச்சீட்டையும் சம்பளப் பட்டியலையும் எடுத்து ஊர்ச் சனத்தின் முன்னால் சத்தமாக வாசித்தது. வேலையே செய்யாத ஆட்களின் பெயரில் சம்பளம் போயிருந்தது கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. 2005 இல் இந்தியாவுக்கு வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்த வாசிப்புகள் ஒரு வேர்.

நாங்களும் வாசித்தோம். ஒரு ஞாயிறு பின்னேரம், சனசமூக நிலையத்தில். நாற்பது பேர் வந்திருப்பார்கள். கொந்தராத்துக்காரருக்கும் சொல்லியிருந்தோம். வருவார் எண்டு நினைக்கவில்லை, வந்தார். கடைசிக் கதிரையில் இருந்தார்.

2021 மதிப்பீட்டை வாசித்தோம், சீமெந்து விலையை வாசித்தோம், 400 எப்படி 260 ஆனது எண்டு வாசித்தோம். சனம் அமைதியாகக் கேட்டது. "அப்ப களவு இல்லையோ?" எண்டு ஓர் அம்மா கேட்டபோது அவருடைய குரலில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. கள்ளன் கிடைத்தால் கோபத்தை வைக்க ஓர் இடம் கிடைக்கும்.

பிறகு அந்த எழுத்துப்பிழையைப் பற்றிக் கேட்டோம். கொந்தராத்துக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மூண்டு விலை இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினம். காசு எப்ப வருமெண்டு தெரியாத வேலைக்கு வேற ஆர் தம்பி வருவான்? நான் மனுசியின்ர நகையை வச்சுத்தான் உந்தக் கொங்கிறீற்றைப் போட்டனான். பதினாலு மாசம் வட்டி கட்டினனான்."

இரண்டும் ஒன்று எண்டு விளங்கினது அப்போதுதான். அரசாங்கம் நேரத்துக்குக் காசு குடுக்காது. அதனால் சின்னக் கொந்தராத்துக்காரர் ஒதுங்கிவிடுவார்கள். மிஞ்சுகிறவர் வட்டியையும் சேர்த்துத்தான் விலை போடுவார், அல்லது சீமெந்தில் குறைப்பார். போட்டி இருப்பதாகக் காட்டப் பொய் விலைக்கூறல் தேவைப்படும். கோப்பில் எல்லாம் ஒழுங்கு, மூன்று விலை, மூன்று கையெழுத்து. அவர் செய்தது சரி எண்டு நாங்கள் சொல்லவில்லை. அவருக்கு முன்னாலேயே பிழை என்றுதான் சொன்னோம். அந்தப் பொய்யால் நேர்மையாக வரக்கூடிய ஒருவருக்கும் கதவு அடைபடுகிறது. ஆனால் அவரை மட்டும் பிடித்துக் குடுத்தால் அடுத்த ஒழுங்கைக்கும் அதே மூன்று தாள்தான் வரும். கையெழுத்து மட்டும் வேறாக இருக்கும்.

அன்றைக்கு இன்னொரு விசயமும் தெரிந்தது. வேலை முடிந்த பிறகும் காசில் ஒரு பகுதியைச் சபை பிடித்து வைத்திருக்கும். வழமையாக ஒரு வருடத்துக்குள் வெடிப்பு வந்தால் கொந்தராத்துக்காரர் தன் செலவில் திருத்த வேண்டும். இதை அங்கே இருந்த ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. எத்தனை ஊரில் வெடித்த வீதியைப் பார்த்துத் திட்டிக்கொண்டே அந்த ஒரு வருடத்தை விட்டிருப்போம்?

இதோடு ஒழுங்கை முழுசாகிவிட்டதா எண்டால், இல்லை. புதிய சபையின் உறுப்பினர் ஒருவர் அமர்வில் கேள்வி கேட்டிருக்கிறார். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பார்ப்பதாகப் பதில். இந்த மாரியிலும் பிள்ளைகள் இடுப்பில்தான் போனார்கள். வித்தியாசம் ஒன்றுதான். முன்பு "அடிச்சிட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டு கடந்து போன சனம், இப்போது "140 மீற்றர்" என்று சொல்கிறது. முன்னையதுக்குச் சபை பதில் சொல்லத் தேவையில்லை. 140 மீற்றருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று. உங்கட ஊரில் நடுவழியில் நின்றுபோன ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு பாதிக் கட்டடம், தண்ணி வராத ஒரு குழாய், எரியாத ஒரு தெருவிளக்கு. ஒன்றை மட்டும் எடுங்கோ. நாலு தாள் கேளுங்கோ. ஆங்கிலத்தில் வந்தால் எங்களுக்கு அனுப்புங்கோ, இருந்து மொழிபெயர்ப்போம். படம் எடுத்துப் பதிவு எழுதிவைத்திருந்தால், பேப்பர் வரும் வரைக்கும் அதைப் போடாமல் வையுங்கோ.

எங்கட பதிவு இன்னும் வரைவில்தான் கிடக்கிறது. அந்த மதில், அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பின காசில் கட்டினதாம்.